பூக்கிறது, காய்க்கவில்லை: கடலோர வளவில் இலந்தைக்கு வரும் கோளாறுகள்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கையும் நாலு தென்னையும்தான். அந்த மணலில் இரண்டு இலந்தை நிற்கிறது. ஒன்று யாரோ துப்பிய கொட்டையில் தானாக முளைத்த நாட்டு மரம். மற்றது பெரிய பழம் காய்க்கும் என்று சொல்லித் தந்த ஒட்டுக்கன்று. இவை போதாதென்று மூன்றாவதாக ஒரு மரத்துக்கும் நான்தான் வைத்தியம் பார்க்கிறேன், அது நியூசிலாந்தில் வெலிங்டன் நகரில் சித்தியின் மகள் வீட்டில் பெரிய தொட்டியில் நிற்கிறது. "அண்ணா, இதைப் பாருங்கோ" என்று அவள் போனில் அனுப்பும் படங்கள்தான் எனக்கும் அதற்கும் உள்ள உறவு. இரண்டு ஊரும் கடலோரம், அதற்கு மேல் ஒரு ஒற்றுமையும் கிடையாது. ஆனால் கேள்வி மட்டும் ஒன்றேதான்: பூ கொள்ளை கொள்ளையாக வருகிறது, காய் எங்கே?

அறிகுறி வாரியாக எழுதுகிறேன், உங்கள் மரத்தில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போங்கள். அதற்கு முன் இரண்டு சோதனை.

முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வெள்ளையாக, பஞ்சைத் தடவி எடுத்த மாதிரி மெல்லிய உரோமத்தோடு இருந்தால் அது நம்மூர் இலந்தை. இரண்டு பக்கமும் வழுவழுப்பாக இருந்து மேல்பக்கம் பச்சை மினுங்கினால் சீன இலந்தை, அதுதான் சீனக் கடைகளில் சிவப்பாகச் சுருங்கிப் பேரீச்சை போல விற்கும் பழம். இரண்டும் ஒரே குடும்பம் என்றாலும் குணம் வேறு. நம்முடையது வெயிலுக்குப் பிறந்தது, கடும் குளிர் ஆகாது. சீனத்து மரம் குளிர்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டுத் தூங்கும், அந்தத் தூக்கத்தில் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை போனாலும் தாங்கும், ஆனால் விழித்த பிறகு நீண்ட சூடான கோடை கேட்கும். திருகோணமலையில் அதற்குத் தூங்க இடமில்லை, வெலிங்டனில் விழித்த பிறகு சூடு இல்லை. ஆகவே ஒன்றுக்குச் சொன்ன வைத்தியத்தை மற்றதற்குச் செய்யாதீர்கள்.

இரண்டாவது, எந்த மாதம், எந்தக் காற்று என்று கேளுங்கள். இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும், அது வாடைக்காற்றின் காலம். மே முதல் செப்டெம்பர் வரை மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும், காய்ந்த சூடான காற்று. (கொறிக்கிற கச்சானுக்கும், அதுதான் நிலக்கடலைக்கும், இதற்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள், நான் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன்.) கடைக்குப் போய் மருந்து வாங்கமுன் இந்தக் காற்றுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எங்கள் மரத்துக்கு நான் வாங்கிய மருந்தில் பாதி வீண்செலவு, வியாதி நாள்காட்டியில் இருந்தது.

பூ நிறைய, காய் இல்லை

முதலில் ஒரு ஆறுதல். இலந்தையில் பூக்கும் பூவில் மிகச் சிறிய பங்குதான் காயாகும். மரத்தின் கீழே மஞ்சள் பச்சையாகப் பூத்தூள் கிடந்தால் அது வியாதி இல்லை, இயல்பு. ஒரு கொப்பில் ஒன்றுகூடத் தங்கவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

மரம் தனியாக நிற்கிறதா? ஒட்டு இனங்களில் பல, தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. பக்கத்தில் வேறு இலந்தை ஒன்று வேண்டும், அது உயர்சாதியாக இருக்க வேண்டும் என்றில்லை, வேலியோரத்து முள் இலந்தையும் அந்த வேலையைச் செய்யும். எங்கள் ஒட்டு மரம் நடும்போது நாட்டு மரத்தை வெட்டிவிடச் சொல்லி ஒருவர் ஆலோசனை தந்தார். நல்லவேளை, கத்தி மொட்டையாக இருந்தது.

பூவுக்கு வருவது யார் என்றும் பாருங்கள். இலந்தைப் பூவின் மணம் மனிதருக்குப் பிடிப்பதில்லை, ஈக்கும் தேனீக்கும் அதுதான் விருந்து. பூக்கும் நேரத்தில் "எதற்கும் ஒருமுறை அடித்து வைப்போம்" என்று பூச்சிமருந்து தெளித்தால் அந்த ஆண்டுக் காயை நீங்களே தெளித்துக் கொன்றுவிட்டீர்கள்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் காய் இல்லை என்றால், பெரும்பாலும் பூத்த காலம்தான் பிழை. இலந்தை பழைய கொப்பில் பூக்காது, அந்தப் பருவத்தில் புதிதாக விட்ட கொப்பின் இலைக்கக்கத்தில்தான் பூக்கும். மரத்தை வெட்டாமல் விட்டால் அது தன் பாட்டுக்குக் கோடையில் சோர்ந்து நின்று, செப்டெம்பர் கடைசியில் விழும் முதல் மழைக்குத் துளிர்த்து, ஒக்டோபர் நவம்பரில் பூத்துத் தள்ளும். அப்போது வாடை தொடங்கிவிடும். மழை மகரந்தத்தைக் கழுவிக்கொண்டு போகும், ஈயும் தேனீயும் வெளியே வராது. நான் மூன்று ஆண்டு இதைப் பார்த்துக்கொண்டு நின்று, ஒவ்வொரு முறையும் பசளை போதவில்லை என்று நினைத்துக் கோழிப்பசளை கொட்டினேன், மரம் இலையாகக் கொழுத்தது, அவ்வளவுதான்.

சரிசெய்யும் வழி கத்தரிக்கோலில் இருக்கிறது. கடைசிப் பழம் பறித்த கையோடு, பெப்ரவரி கடைசி அல்லது மார்ச்சில், போன ஆண்டு வளர்ந்த கொப்புகளைப் பாதிக்கு மேல் குறைத்து வெட்டுங்கள். உள்ளே குறுக்கும் மறுக்குமாகப் போனது, தரையில் இழுபடுவது, காய்ந்தது எல்லாம் அடியோடு போகலாம். பார்க்கக் கொடுமையாக இருக்கும், அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் துளிர் வரும்வரை வாரம் ஒரு முறை ஆழமாகத் தண்ணீர். இப்படிச் செய்தால் எங்கள் மரம் ஜூலை ஓகஸ்டில் பூக்கிறது. கச்சான் காலம்தான், ஆனால் கச்சான் காற்று பூவைக் காய வைப்பதை வேரில் ஈரம் வைத்துச் சமாளிக்கலாம், மழையை எதை வைத்தும் சமாளிக்க முடியாது. பிஞ்சு பிடித்த பிறகு வரும் மழை நல்ல மழை, காயை ஊதவைக்கும். பழம் டிசம்பர் கடைசியிலிருந்து.

இனி வெலிங்டன், அங்கே நிற்பது சீன இலந்தை. அதே அறிகுறிக்கு அங்கே காரணம் தலைகீழ். சீன இலந்தையின் மகரந்தம் முளைக்க 24 முதல் 26 பாகை வரை உகந்தது, 20க்குக் கீழே போனால் சரியாக முளைக்காது. வெலிங்டனில் கோடை உச்சமான ஜனவரியிலும் பகல் வெப்பம் 20 பாகையை ஒட்டித்தான் நிற்கும், கடல்காற்று ஓயவும் ஓயாது. மரம் ஆரோக்கியமாக இருக்கும், பூவும் வரும், ஒன்றும் தங்காது. தங்கச்சி பசளை, தண்ணீர், எல்லாம் மாற்றிப் பார்த்தாள். நான் சொன்னது ஒன்றுதான், சூட்டைத் திருடிக் கொடு. தொட்டியை வெயில் படும் செங்கல் சுவரோடு ஒட்டி வை, அங்கே வெயில் வடக்கிலிருந்து வருமாம், ஆகவே வடக்குப் பார்த்த சுவர். கடல்பக்கம் ஒரு தடுப்பு. முடிந்தால் பூக்கும் மாதங்களில் பொலித்தீன் கூடாரம், பகலில் வாயைத் திறந்து விட வேண்டும், இல்லாவிட்டால் தேனீ உள்ளே வராது. சீனாவில் தோட்டக்காரர்கள் பூக்கும் சமயம் தண்டில் மெல்லிய வளையமாகப் பட்டையை எடுத்துக் காய் பிடிக்க வைப்பது உண்டு, நல்ல பலன் தரும் முறை. தொட்டியில் நிற்கும் சின்ன மரத்தில் அதைச் செய்யாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், காயம் ஆறாவிட்டால் மரமே போய்விடும்.

இலை எல்லாம் கொட்டிவிட்டது, செத்துவிட்டதா?

நம்மூர் மரம் என்றால், கடும் கோடையில் இலை உதிர்ப்பது அதன் வழக்கம், தன் தண்ணீரைத் தானே மிச்சம்பிடிக்கிறது. பயந்து தினமும் வாளி வாளியாக ஊற்ற வேண்டாம். நகத்தால் கொப்புப் பட்டையைச் சற்றுச் சுரண்டுங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மழைக்காலத்தில் இலை மஞ்சளித்துக் கொட்டினால்தான் கவலை, வேரடியில் தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்துத் தாழ்ந்த நிலத்தில் இது வரும். வளர்ந்த மரம் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும், சின்ன ஒட்டுக்கன்று தாங்காது. அங்கே நடுவதென்றால் முழங்கால் உயரத்துக்கு மண் மேடு போட்டு அதில் நடுங்கள்.

சீன இலந்தை தோட்டத்தில் மற்ற எல்லா மரமும் துளிர்த்து முடிந்த பிறகுதான் சோம்பல் முறிக்கும். புதிதாக நட்ட ஆண்டில் இன்னும் மோசம், பல வாரம் வெறும் குச்சியாக நிற்கும். தங்கச்சி முதல் ஆண்டு அதைப் பிடுங்கி எறியப் போனாள். சுரண்டிப் பார்க்கச் சொன்னேன், பச்சை. விட்டுவைத்தாள்.

வெள்ளைத் தூள்

முதலில் மேலே சொன்னதை நினைவில் வையுங்கள்: நம்மூர் இலந்தை இலையின் அடி வெள்ளை, அது பிறப்பு. அதை நோய் என்று நினைத்து மருந்து அடிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். நோய் என்றால் தூள் இலையின் மேல்பக்கத்திலும் தளிரிலும் பிஞ்சிலும் இருக்கும், விரலால் துடைத்தால் விரலில் ஒட்டும். தூள் பூஞ்சணம். மழை விட்டு விட்டுப் பெய்து, இரவில் பனி இறங்கும் நவம்பர் டிசம்பர் ஜனவரியில் வரும். பிஞ்சில் பிடித்தால் பிஞ்சு சொரசொரத்து, கோணி, உதிரும்.

கொப்பு நெருக்கம்தான் இதற்கு வீடு. மார்ச்சில் ஒழுங்காகக் கத்தரித்த மரத்தில் காற்று உள்ளே புகுந்து வெளியே போகும், அரைவாசி நோய் அதிலேயே நிற்கும். மீதிக்கு நனையும் கந்தகத் தூள், பொதுவாக ஒரு லீற்றர் தண்ணீருக்கு 2 கிராம், ஆனால் பொதியில் உள்ள அளவுதான் சட்டம். மழை இல்லாத ஒரு பின்னேரம் பார்த்துத் தெளியுங்கள், இரண்டு வாரத்தில் இன்னொரு தடவை. கொதிக்கும் வெயிலில் கந்தகம் அடித்தால் இலை கருகும், பழியை நோயின் மேல் போடாதீர்கள்.

கடல்பக்கத்து இலை மட்டும் ஓரம் கருகுகிறது

உப்பு. மரத்தைச் சுற்றி வந்து பாருங்கள், கடலைப் பார்த்த பக்கம் கருகி, வீட்டைப் பார்த்த பக்கம் பச்சையாக இருந்தால் வேறு காரணம் தேடவே தேவையில்லை. புயல் காற்று அடித்து ஓய்ந்த அன்றே நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள். சுற்றிலும் சமமாகக் கருகினால் கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகியுங்கள், கோடை முற்றும்போது கரையோரக் கிணறுகள் சவர் ஏறும். இலந்தை உப்பை ஓரளவு சகிக்கும் மரம்தான், ஆனால் சகிப்பது வேறு, காய்ப்பது வேறு. தடுப்புக்கு நாங்கள் கிடுகு கட்டினோம், முதல் வாடையிலேயே பறந்தது. இப்போது கடல்பக்கம் வேலியாகப் பூவரசு நிற்கிறது, அதுவே போதும்.

இலை மஞ்சள்

அடி இலை முழுதாக மஞ்சளித்தால் பசி, மணல் நிலத்தில் பசளை நிற்காது, ஒரே தடவையில் கொட்டாமல் மாட்டெருவைச் சிறிது சிறிதாக, சருகு மூடுபடையோடு போடுங்கள். நுனித் தளிர் மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை, சிப்பி சங்கு கலந்த சுண்ணாம்பு மணலில் சாதாரணம். அதற்கும் சேதனப் பசளைதான் நீண்டகால மருந்து.

ஒட்டு மரம் முள் மரமாகிவிட்டது

"பெரிய பழம் என்று வாங்கினேன், சுண்டைக்காய் அளவு புளிப்புக் காய் வருகிறது, ஏமாற்றிவிட்டார்கள்." இதைச் சொல்லாத ஆள் இல்லை. சில வேளை உண்மையாகவே ஏமாற்றுதான், கொட்டைக்கன்றை ஒட்டு என்று விற்பது நடக்கிறது, எனக்கும் ஒரு முறை நடந்தது. வாங்கும்போது அடித்தண்டில் ஒட்டிய தழும்பைத் தடவிப் பாருங்கள், தழும்பு இல்லை என்றால் காசைத் திரும்பப் பையில் வையுங்கள்.

ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. ஒட்டுக்குக் கீழே இருப்பது முரட்டு நாட்டு இலந்தை. அது சும்மா இருக்காது, தழும்புக்குக் கீழிருந்து துளிர் விட்டுக்கொண்டே இருக்கும், இலை சிறிது, முள் கூடுதல், வளர்ச்சி பேய்த்தனம். இரண்டு மழை கவனிக்காமல் விட்டால் மேலே இருக்கும் நல்ல சாதியைப் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டு, தானே மரம் என்று நிற்கும். வாரம் ஒருமுறை அடித்தண்டைப் பார்த்து, துளிரைப் பிஞ்சாக இருக்கும்போதே கையால் கிள்ளி எறியுங்கள்.

ஏற்கெனவே மாறிவிட்டதா? வெட்டி எறியாதீர்கள். அந்த மரத்தின் வேர் ஆழம் போயிருக்கும், அது சொத்து. மார்ச்சில் இடுப்பு உயரத்துக்கு வெட்டுங்கள், வரும் துளிர்களில் நல்ல இரண்டு மூன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். அவை பென்சில் தடிப்பு வந்து, பட்டை இலகுவாக உரிகிற பருவத்தில், நல்ல மரத்திலிருந்து அரும்பு எடுத்து ஒட்டுங்கள். அரும்பொட்டு செய்யத் தெரியாவிட்டால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள், கையால் செய்து காட்டினால் ஒரு பின்னேரத்தில் பழகிவிடலாம். தானாக முளைத்த வேலி இலந்தையையும் இப்படியே மாற்றலாம், எனக்குக் கடையில் வாங்கும் கன்றைவிட இதில்தான் நம்பிக்கை.

மரம் சாய்ந்துவிட்டது

மேலே சொன்ன நம்பிக்கைக்குக் காரணம் இதுதான். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது எங்கள் பக்கத்தில் பல மரம் விழுந்தது. தானாக முளைத்த நாட்டு இலந்தை இலை கிழிந்து அப்படியே நின்றது. பையில் நீண்ட நாள் கிடந்து வேர் சுருண்ட கன்று பக்கவாட்டில் படுத்துவிட்டது. இலந்தைக்கு ஆணிவேர்தான் உயிர், பையில் அது வட்டமடித்துப் போனால் நட்ட பிறகும் நிமிராது. கன்று வாங்குவதென்றால் சிறியதாக வாங்குங்கள், பழகிய பெரிய கன்று பார்க்க ஆசையாக இருக்கும், ஏமாறாதீர்கள். கொட்டை போடுவதென்றால் நிற்கப்போகும் குழியிலேயே போடுங்கள். கொட்டையின் ஓட்டைச் சுத்தியலால் மெதுவாக உடைத்து உள்ளே இருக்கும் பருப்பு நசுங்காமல் எடுத்துப் போட்டால் ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும், உடைக்காமல் போட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

தளிர் இரவோடு இரவாகக் காணாமல் போகிறது

பூச்சி இல்லை. நகரத்துக்குள் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பிரெட்றிக் கோட்டையிலிருந்து புறப்பட்டுக் கடற்கரை, வீதி, வீட்டு வாசல் என்று உலாவும் புள்ளிமான்களுக்கு இலந்தை இலையும் பழமும் தேவாமிர்தம். நகரத்தில் இருக்கும் கூட்டாளி ஒருவன் கம்பளிப்பூச்சி என்று நினைத்து இரண்டு வாரம் வேப்பெண்ணெய் அடித்தான், ஒருநாள் விடியப் பார்த்தால் மூன்று மான் வரிசையில். மானுக்கும் ஆட்டுக்கும் எட்டாத உயரம் வரும்வரை கம்பிவலைக் கூண்டு ஒன்றுதான் வழி. நுனியில் பல் பட்ட வெட்டு முரடாக இருக்கும், அதை வைத்துப் பூச்சியிலிருந்து பிரித்தறியலாம்.

பழத்துக்குள் புழு

பழ ஈ. புழு தெரிந்த பிறகு மருந்தடித்துப் பயன் இல்லை, அது உள்ளே பத்திரமாக இருக்கிறது. புழு பழத்தோடு கீழே விழுந்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிறது, அந்த இடத்தில்தான் மறிக்க வேண்டும். விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கிப் பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். பழம் முடிந்ததும் மரத்தடி மண்ணைக் கிளறிவிடுங்கள், மீதியைக் கோழி பார்த்துக்கொள்ளும்.

பழம் வெடிக்கிறது

காய்ந்து கிடந்த வேருக்குத் திடீரென்று மழை. செப்டெம்பரிலேயே ஒழுங்காகத் தண்ணீர் விட்டு, மூடுபடை போட்டு வைத்தால் குறையும்.

காய் தங்கியது, பழுக்கவில்லை

இது குளிர்ந்த கரையின் பிரச்சினை. காய் பச்சையாகவே நின்று, இலையுதிர்காலம் வந்து, தோற்றுவிடும். அவளுடைய மரம் லி என்ற சாதி, அந்த வகையில் அது நல்லதுதான், பெரிய காய், மஞ்சள் பச்சையாக மாறும்போதே கடித்துத் தின்னலாம், முழுதாகச் சிவக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கடும் பச்சையில் பறித்தால் மட்டும் சுருங்குமே தவிர இனிக்காது. நம்மூர்ப் பழத்துக்கும் அந்தக் கடைசி விதி பொருந்தும்.

அவள் ஒருமுறை ஊர் இலந்தைக் கொட்டை நாலு தபாலில் போடச் சொன்னாள். போடவில்லை. நியூசிலாந்தில் விதை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு, ஒஸ்திரேலியாவின் வடக்கே நம் இலந்தை ஒரு பொல்லாத களையாகப் பரவிக் கிடக்கிறது, அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதோடு அந்தக் குளிரில் அது என்ன செய்யப் போகிறது?

சுவரோடு ஒட்டி, கூடாரம் போட்டு, இந்தக் கோடையில் ஆறு காய் தங்கியிருக்கிறது என்று படம் அனுப்பினாள். பெரிதாக்கிப் பெரிதாக்கி எண்ணினேன், ஐந்துதான். ஆறாவது இலைக்குப் பின்னால் என்கிறாள்.